இரண்டு குச்சி

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
பால் சங்கத்தின் பின்னறை.
கணினிக்கு மேலே மின்விசிறி,
அதற்கு மேலே தகரம்,
அதற்கு மேலே யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு.
என் அலுவலகம்.

நிரலை முதலில் எழுதியவன் ஷிபின்.
சித்தூர்க்காரன். பாலக்காட்டுச் சித்தூர்,
ஆந்திராவில் இருப்பதல்ல.
(ஊரையே இப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது,
அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.)
பாலில் கலந்த தண்ணீர் எத்தனை சதவீதம்
என்பதற்கு அவன் வைத்த பெயர்
ஆங்கில எழுத்தில்
வி, இ, இரண்டு எல், ஏ, எம்.
தாகமெடுத்தால் அவன் வீட்டில் கேட்பது அதைத்தான்.

அவன் கொச்சிக்குப் போனான். நான் வந்தேன்.
மாசியில் சங்கம் தீர்மானம் போட்டது:
கன்று ஈன்ற மாட்டுக்கு
அச்சு வெல்லம் கடனாகத் தரலாம்,
பால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
எத்தனை கிலோ என்று வைக்க ஒரு பெயர் வேண்டும்.
யோசிக்கவே இல்லை.
வி, இ, இரண்டு எல், ஏ, எம்.

அந்த எழுத்தில்
லகரமும் ஒரு குச்சி, ளகரமும் அதே குச்சி.
நாக்கு மடிவது திரையில் தெரியாது.
இயந்திரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அவன் எண்ணைக் கீழே கொட்டிவிட்டு
என் எண்ணை ஊற்றிக்கொண்டது,
கழுவாத கேனில் ஊற்றுவதுபோல.

மறுநாள் ஐந்தே முக்கால்.
வேலாத்தாளின் சீட்டில் அச்சாகி வந்தது:
கலந்த தண்ணீர் 4.
மூன்றுக்கு மேல் போனால் பாலைத் திருப்பிவிடு
என்பது சங்கத்தின் விதி.
அவள் முந்தின நாள் வாங்கியது
நாலு கிலோ வெல்லம்.

மானியை மறுபடி போடச் சொன்னாள்.
போட்டார் திருமூர்த்தி. மானி சரியாகத்தான் நின்றது.
சீட்டைப் பார்த்தார், மானியைப் பார்த்தார்,
சீட்டை நம்பினார்.
வரிசை முழுக்கத் திரும்பியது.
யாரோ செருமினார்கள், யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது.
அவள் கேன் மூடியில் பாலை ஊற்றி
அவர் மேசையில் வைத்தாள்.
“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”
அவர் குடிக்கவில்லை.
மூடியில்லாத கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நான் ஷிபினுக்குப் போன் போட்டேன்.
“வெள்ளம்னா வெள்ளந்தன்னே, பின்னே எந்தா?”
எங்களுக்கு அது ஆழியாறு திறந்தால் வருவது என்றேன்.
சிரித்தான்.
நான் வைத்தது அதுவுமில்லை, வெல்லம் என்றேன்.
“அது சர்க்கரயல்லே?” என்றான்.
கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.
பின்னால் அவன் பக்கம் ரயில் ஒன்று போனது.

திருத்துவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.
கலந்த_தண்ணீர்_சதவீதம்.
வெல்லக்_கடன்_கிலோ.
நீளம்தான். விரல் வலித்தது, வலிக்கட்டும்.
சாயங்காலம் மூடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு
அவள் வீட்டுக்குப் போனேன்.
மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
ஒரே பெயர் இரண்டு பொருளுக்கு வந்துவிட்டது என்று
என்னென்னவோ சொன்னேன்.

“இந்த ஊருல மூணு வேலாத்தா இருக்கறோம்.
மேட்டுக்காட்டு வேலாத்தா, மில்லுக்காரர் வேலாத்தா, நானு.
கடன்காரன்கூட இதுவரைக்கும்
ஊடு மாறி வந்ததில்லீங்க.”

பணத்தை எண்ணினாள். சரியாக இருந்தது.
மூடியை முகர்ந்து பார்த்துக் கழுவப் போட்டாள்.
அவ்வளவுதான். டீ எல்லாம் தரவில்லை.

அன்றிரவு மற்ற பெயர்களையும் பார்த்தேன்.
அ1, அ2, தற்காலிகம், தற்காலிகம்2,
புதுசு, ரொம்பப் புதுசு.
ஒவ்வொன்றாக அது என்னவோ அதுவாக்கினேன்.
கடைசியில் வெறும் எக்ஸ் ஒன்று மிஞ்சியது.
எதற்கென்று ஷிபினுக்கும் நினைவில்லை.
எடுத்தால் போனஸ் கணக்கு நின்றுவிடுகிறது.
வைத்தால் ஓடுகிறது.

அதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்:
இது யாரென்று தெரியவில்லை.
பார்த்து நடந்துகொள்ளவும்.